கொடுத்து வைத்த கிட்னி

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பரவாயில்லை அக்கா’ என்று பெயர். குடிநீர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் சரியாகச் சாத்தாத புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திட்டு வாங்குவதுதான் வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது என்பவர்களும் சரி, சாக்கடை கலந்து வருகிறது என்பவர்களும் சரி, அவளே நேரில் போய் வால்வை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் பேசுவார்கள். திட்டி முடித்த களைப்பில் சிலர், “கோவிச்சுக்காதீங்கம்மா” என்பார்கள். “பரவாயில்லைங்க, பதிவு பண்ணிட்டேன்” என்பாள். பக்கத்து நாற்காலிக்காரி அப்படியில்லை. லைனைத் துண்டித்த கையோடு எதிர்முனைக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டு வறுத்தெடுத்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போவாள். இவளுக்கு அது வராது. வந்த கோபம் தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். இறங்கி எங்கே போகிறது என்று அவள் யோசித்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தம்பி படிக்க வேண்டும் என்று அவளுடைய அறையைக் காலி செய்தார்கள், பரவாயில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்த வரனைத் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் பரவாயில்லை. வேறு ஊருக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்தபோது, அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுடைய அதிகாரிக்குப் போன் போட்டு, தங்கச்சி அவ்வளவு தூரமெல்லாம் போகாதுங்க என்று முடித்துவிட்டான். மறுநாள் அதிகாரி சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அன்று சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கொஞ்சம் சத்தமாகக் கவிழ்த்தாள். அவளுடைய மொத்தப் போராட்டமும் அவ்வளவுதான்.

அதனால், தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, கூடப் பிறந்தவர்கள் யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று டாக்டர்கள் சொன்னபோது, அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. “தங்கச்சி குடுத்துடும்” என்றான் அண்ணன், மேசையிலிருக்கும் பேனாவை எடுத்துக் கொடுக்கச் சொல்வது போல. அவனுக்குக் கடை இருக்கிறது, இரும்புச் சாமான் தூக்க வேண்டும், முடியாதாம். அண்ணி இன்னும் வெளிப்படை. தனி ஆளு, புருஷனா பிள்ளையா, யாரைக் கேட்கணும் என்றாள். கேட்கப்பட வேண்டியவள் தண்ணீர்த் தம்ளர்களை ஏந்திக்கொண்டு கதவோரமாக நின்றிருந்தாள். எல்லாரும் வழக்கமான அந்த வார்த்தைக்காக அவள் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி மட்டும் தரையைப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. வந்ததாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ரத்தம் பொருந்தியது. ஸ்கேன் நன்றாக இருந்தது. கடைசியில் நர்ஸ் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது. பிரஷர் அதிகமாக இருப்பவரிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிற ஒன்று பிற்பாடு தாங்காமல் போகலாம், குறைந்தால் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீடு வரும்வரை அண்ணிதான் பேசினாள். “இத்தனை வருஷம் இல்லாத பிரஷரு, சரியா இன்னிக்குத்தான் வரணுமா? வாயால மாட்டேன்னு சொல்லத் துணிச்சல் இல்ல, உடம்பை விட்டுச் சொல்ல வைக்கிறே.”

அண்ணி சொன்னதில் பாதி உண்மையோ என்று அவளுக்கு ஒரு பயம்.

இரண்டாம் நாளே அண்ணன் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தான். மருந்துக் கடையில் தெரிந்த பையன் கொடுத்தானாம், காலையில் ஒன்று போட்டால் பிரஷர் பெட்டிப் பாம்பாகிவிடுமாம். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றான். தினமும் காலையில் போன் பண்ணி, போட்டியா என்று கேட்டான். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. மாத்திரை எப்படி இருக்கிறது என்று மட்டும் தவறாமல் விசாரித்தான். அவள் போட்டாள். போட்டால் கை கால் சில்லென்று ஆனது, மாடிப்படி ஏறினால் களைத்தது. உள்ளே மட்டும் என்னமோ கொதித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை போனபோது நர்ஸ் சிரித்தாள். அளவு சரியாக வந்துவிட்டது. வெளியே வராந்தாவில் அண்ணனும் அண்ணியும் தம்பியும் உட்கார்ந்திருக்க, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். அளவைப் பார்த்தாள். சந்தேகமாக அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“நாடி இவ்வளவு மெதுவா ஓடுதே. என்ன மாத்திரை போடறீங்க?”

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. யார் கொடுத்தது, எந்த டாக்டர் எழுதினது என்று அடுக்கினாள். ஏற்கெனவே மூச்சுத்திணறல் இருக்கிறவர்களுக்கு இது ஆளையே சாய்த்துவிடும் என்று கத்தினாள். தன் பொருட்டு ஒருத்தர் கத்துவதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். கேட்க நன்றாக இருந்தது.

“இந்த மாத்திரை என்ன பண்ணும் டாக்டர்?”

டாக்டர் கண்ணாடியைத் தேடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். மூளையிலிருந்து சிறுநீரகம் வரைக்கும் நரம்பு போகிறது. பயம், கோபம், அதிர்ச்சி எது வந்தாலும், அந்த வழியாகத் தகவல் இறங்கிவிடும். தகவல் கிடைத்ததும் சிறுநீரகம் ரெனின் என்று ஒன்றை ரத்தத்தில் விடும். அது கிளப்பிவிடுகிற வேலையில் ரத்தக் குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே தங்கும், பிரஷர் ஏறும். அடிபட்டு ரத்தம் போகிற நேரத்தில் உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. தினம் தினம் நடந்தால் நல்லதில்லை. இந்த மாத்திரை இதயத்தையும் மெதுவாக்கும், நரம்பு கொண்டுவரும் தகவலைச் சிறுநீரகம் வாங்காமலும் செய்யும்.

“அப்படின்னா கிட்னியோட காதை அடைச்சிடும்.”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“நான் யார்கிட்டயும் கோபப்பட்டதே இல்லையே டாக்டர். வாயைத் திறந்ததே இல்ல.”

“நீங்க வாயைத் திறக்கிற வரைக்கும் நரம்பு காத்துக்கிட்டிருக்காதும்மா. பிரஷருக்கு வேற காரணமும் இருக்கலாம், அதையும் பார்ப்போம். ஆனா முழுங்கின கோபம் அதுக்குக் கேட்காதுன்னு நினைக்காதீங்க.”

அவள் தன்னையறியாமல் இடுப்புக்கு மேலே முதுகில் கையை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷப் புகாரும் இங்கேதான் பதிவாகியிருக்கிறது. இதற்காவது கேட்டதே என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, இதன் காதையும் அடைக்கத்தானே அண்ணன் காலையில் போன் போட்டான் என்று உறைத்தது.

“இதை எடுத்து அவனுக்கு வச்சா? அங்கேயும் நரம்பு சேருமா?”

ரத்தக் குழாய்களைத் தைப்பார்கள், சிறுநீர்க் குழாயைத் தைப்பார்கள், நரம்பை யாரும் தைப்பதில்லை என்றாள் டாக்டர். நாளாவட்டத்தில் கொஞ்சம் முளைக்கலாம், பழையபடி ஆகுமென்று சொல்ல முடியாது. நரம்பு இல்லாமலேயே அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், தேவைப்பட்டால் ரெனினையும் விடும். மேலேயிருந்து உத்தரவுதான் வராது.

“கொடுத்து வச்ச கிட்னி” என்றாள் அவள். “யார் பேச்சையும் கேட்க வேண்டாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். “உங்களுக்குக் குடுக்க இஷ்டமா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள், ஊர் பேர் தெரியாத ஒரு பெண். அவள் மேசையிலிருந்த மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அதைச் செய்ததற்கே மூச்சு வாங்கியது.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. இஷ்டமில்லாதவர்களிடம் எடுப்பதில்லை, தம்பிக்கு டயாலிசிஸ் ஓடும், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான பட்டியலிலும் அவர் பெயர் பதிந்திருக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். வெளியே போய் எதையும் விளக்க வேண்டாம், உங்கள் உடம்பு இதற்குப் பொருந்தாது என்று நாங்களே சொல்லிவிடுகிறோம், மேற்கொண்டு உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும்தான் அவளுக்குள் இருந்த அத்தனை கோபமும் ஒன்றாகத் திரண்டது. அதிகாரிக்கு அண்ணன் போன் போட்டதும் இப்படித்தானே.

“வேண்டாம் டாக்டர். எனக்காக எல்லாரும் பேசியாச்சு. என் கிட்னி கூடப் பேசிடுச்சு. நான்தான் இன்னும் பேசல.”

மாத்திரையைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, நான் சொல்லுகிறபடி குறைத்துத்தான் விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

வராந்தாவில் அண்ணன் எழுந்து நின்றான். “என்ன, பிரஷர் இறங்கிடுச்சில்ல? தேதி குடுத்தாங்களா?”

அவள் அவனைத் தாண்டிப் போய்த் தம்பியின் முன்னால் நின்றாள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி அவன் முழங்கையில் ரத்தக் குழாய் கயிறு போலப் புடைத்திருந்தது. அதைப் பார்க்காமல் பேச வேண்டுமென்று நினைத்தாள். பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

“டேய். நீ கேளு.”

“என்னக்கா கேக்கணும்?”

“இத்தனை நாள் கேக்காததை.”

அவன் அண்ணனைப் பார்த்தான். “அங்க என்ன பார்வை? கிட்னி அவனோடதா?” என்றாள். அவன், குடுக்குறியாக்கா என்று கேட்டான். அவனுக்கே கேட்காத குரல்.

“இல்ல. குடுக்கல.”

அண்ணி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நழுவவிட்டாள். தம்பி நிமிர்ந்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. “எனக்குத் தெரியும்க்கா” என்றான். “அதான் கேக்காம இருந்தேன்.”

அதுதான் அவளை உடைத்தது. அண்ணன் கேட்காதது ஆணவம், அண்ணி கேட்காதது சௌகரியம். இவன் பதில் தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறான். கேட்காமல் இருந்தால் கிடைத்துவிடும் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு. இவனுக்காகத்தான் அந்த அறையைக் காலி செய்தாள்.

“தெரிஞ்சும் சும்மா இருந்தியா? என்னைக் கிழிச்சுத் தைக்கிற வரைக்கும் சும்மாவே இருந்திருப்பியா?” வராந்தா முழுக்க அவள் குரல் அதிர்ந்தது. தள்ளுவண்டியில் படுத்திருந்த யாரோ தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம்.

அண்ணி அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். “மெதுவாப் பேசு, பிரஷர் ஏறிடப் போகுது.”

“ஏறட்டும். என் பிரஷர், என் கிட்னி. ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்.”

தம்பி அழவில்லை. அவனும் கோபமாகத்தான் இருந்தான், யார் மேல் என்று தெரியாத கோபம். அண்ணன் சமாதானமாக, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்று ஆரம்பித்தான். வீட்டில் பேசினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தம்ளர்களோடு கதவோரமாக நிற்க வேண்டியதுதான்.

“இங்கேயே பேசலாம். நீயும் கூடப் பிறந்தவன்தானே? உன் ரத்தம் பொருந்துதான்னு இதுவரைக்கும் பார்த்தியா?”

அண்ணன் கடை, இரும்பு, முதுகுவலி என்று ஏதோ சொன்னான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான், ஏனென்றால் தம்பி இப்போது தரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் அந்தப் பிரஷர் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது.

“அடுத்து யாருக்குங்க பாக்கணும்?”

இவள் விலகி நின்று அண்ணனுக்கு வழிவிட்டாள். அண்ணன் சட்டைக் கையின் பொத்தானைத் தேட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது, இருந்தாலும் தேடிக்கொண்டே இருந்தான்.