சிரிக்காமல் ஐந்து நிமிடம்

மோதிர விரலால் ராஜா வேடக்காரரின் மேலுதட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் மீசை மாமா. பூசிய பிசின் விரலோடு லேசாக இழுபட வேண்டும். அதற்கு முன் முடியை வைத்தால் வழுக்கிவிடும். "அவசரப்பட்டா மீசை தாடி ஆயிடும், தம்பி!" இருபது வருடமாக நாடகக் குழுவின் ஒப்பனைக்காரர்.

பெட்டியில் ஒட்டு இமைக்கு வெள்ளைப் பசை, வழுக்கைத் தலைபோல் காட்டும் தொப்பிக்குத் தண்ணியாக ஒன்று, தாடிக்கு இருபக்கமும் ஒட்டும் டேப், மீசைக்குத் தேன் நிறப் பிசின். ஒன்றின் பிரஷ்ஷை இன்னொன்றில் விட்டால் தாம்தூம் என்று குதிப்பார். "இமைக்குப் போடுறத மீசைக்குப் போட்டா, மூணாவது வசனத்துல அது வாய்க்குள்ள போயிடும்!"

ஒட்டியதும் ஐந்து நிமிடம் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் உதடு விரியும், ஓரம் கிளம்பும். சட்டம் போட்டவரோ வாயைத் திறந்தாலே வேடிக்கையாகக் கொட்டுகிற பிறவி. ஆகவே சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொள்வார். குலுங்குகிற அந்த முதுகைப் பார்த்தே பல ராஜாக்கள் சிரித்துத் தொலைத்திருக்கிறார்கள்.

நேற்றும் அதுதான் நடந்தது. நடு அரசவையில் மீசை பாதி தொங்கியது. உடை தைக்கும் அக்கா விடுவாரா? "விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலேம்பாங்க. இங்க மீசையே ஒட்டலையே, மாமா!" இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை விழுந்தா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார். மாமாவின் முகம் செத்துவிட்டது. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது.

இன்று ஒட்டி முடித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அக்கா கதவைத் தட்டினார்.

"மாமா, உள்ள என்ன பண்றீங்க?"

"சிரிக்காம இருக்கேன். பேச்சுக் குடுக்காத!"

ராஜாவுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

முதல் இரண்டு காட்சிகள் தப்பித்தன. மூன்றாவதில், ராஜா எதிரியை நோக்கிக் கர்ஜிக்கும்போது, இடது ஓரம் மெல்லக் கிளம்பியது. திரை மறைவில் நின்ற மாமாவுக்கு உயிரே போய்விட்டது. கத்தவும் முடியாது. மழமழவென்று மழித்த தன் மேலுதட்டை இரண்டு விரலால் அழுத்திக் காட்டினார். ராஜா பார்த்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, எதிரியை முறைத்தபடி, மீசையை அழுத்தி நீவிவிட்டார். அரங்கமே கைதட்டியது. "நல்லா பண்றானே! நாளைக்கும் இதையே வச்சுக்கலாம்" என்றார் பக்கத்தில் நின்ற இயக்குநர்.

காட்சி முடிந்து, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார் ராஜா.

"மாமா, இனிமே சிரிக்கலாமா?"

சிரிக்கலாம் என்று மாமா தலையை ஆட்டினார். விரல்கள் இன்னும் தன் உதட்டையே அழுத்திக்கொண்டிருந்தன.