வெண்டைக்காய்ப் பூச்சட்டை

லியோனிலாவுக்குத் துணியில் நேராக அச்சு வைக்க வராது. ஆட்டமும் சுமார்தான். ஆனாலும் பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் எங்கள் தெருப் பெண்கள் திருவிழாவில் ஆடும்போது முன்வரிசை அவளுடையது. இந்த ஆண்டு எங்கள் வார்டுத் தலைவரான கேப்டன் ஆடுகிறவர்களுக்கு இலவச டி-சர்ட் அனுப்பினார். மார்பிலும் முதுகிலும் அவர் முகம். அடுத்த மாதம் தேர்தல்.

லியோனிலா மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு இருபது வெள்ளை டி-சர்ட் வாங்கினாள். அவள் வீட்டில் உட்கார்ந்து, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தொட்டுப் பூப்பூவாக ஒற்றினோம். பக்கத்து வீட்டு டெரசிங் தன் சட்டைக்குள் அட்டை வைக்க மறந்ததால், அதன் முதுகிலும் பூ ஊறிவிட்டது.

சாயம் நிற்பதற்காக லியோனிலா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேப்டனே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, லஸ்வா சூப்புல போடுறத சட்டையில ஒட்டிக்கிட்டு?"

"இது சூப்புக்கும் ஆகுது, சட்டைக்கும் ஆகுது, கேப்டன். உங்க மூஞ்சி எதுக்கு ஆகும்?"

டெரசிங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் சட்டை போடாதவங்களுக்கு ஊர்வலத்துல இடம் கிடையாது."

"அப்ப ஊர்வலத்துக்குப் பின்னாடி ஆடுறோம். ரோடு யாரு அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லையே."

அவள் குரல் நடுங்கியது. இஸ்திரி போட்ட கை நிற்கவில்லை. உடம்பில் யார் முகத்தைச் சுமப்பது என்பதெல்லாம் சின்ன விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மறுநாள் திருவிழா ஊர்வலத்தில் கடைசி மேளக்குழுவும் போன பிறகு, குப்பை வண்டிக்கு முன்னால் இருபது பேரும் ஆடினோம். லியோனிலா வழக்கம்போல் தாளம் தப்பினாள். முன்வரிசையை மட்டும் விடவில்லை.