பீலரில் தோல் சீவிய மரவள்ளி

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். பின்பக்கம் தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு படுக்கலாம், அவ்வளவுதான். முன்பு அதில் உடைந்த கதிரையும் பழைய பெயின்ட் வாளிகளும் கிடந்தன. கடைகளில் காஸ் சிலிண்டர் இல்லாமல் போகத் தொடங்கிய மாதத்தில் நான் அதைத் துப்புரவாக்கி மரவள்ளி நட்டேன். இதை வாசிக்கிற பிள்ளைகளே, அந்த மரவள்ளியால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பயத்தைத்தான் இதில் எழுதுகிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலே சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாக வாசிக்கலாம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் ஆணி, பைப், தாழ்ப்பாள் விற்பது என் வேலை. மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்குச் சாமான் கொண்டுவரும் லொறிக்காரர்தான் எனக்கு ஆறு மரவள்ளித் தடி தந்தார். எப்படி நடுவது என்று கேட்டேன். ஒரு சாண் துண்டாக வெட்டி, முளைக்கண் மேலே பார்க்கிற மாதிரிச் சரித்துக் குத்து, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றார். எப்படிச் சமைப்பது என்று நான் கேட்கவில்லை. கிழங்கு அவிப்பதை ஒருவரிடம் கேட்பதா என்று ஒரு வெட்கம்.

தடிகளை பஸ்ஸில் கொண்டுவரும்போது, வீட்டில் யாருக்கு அடிக்கப் போகிறாய் என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸில் நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருஷம் அப்படிச் சும்மா சிரிக்கக் கிடைத்த நாட்கள் குறைவு.

லொறிக்காரர் சொன்னது சரி. மரவள்ளி தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினோம், தேயிலைச் சக்கை போட்டோம். எட்டு மாதத்தில் அது எங்கள் குசினி ஜன்னலை மறைத்தது. அந்த எட்டு மாதத்துக்குள் வெளியே பெட்ரோல் வரிசையும் வந்துவிட்டது. காஸ் முடிந்து, பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து விறகில் சமைக்கவும் பழகிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. வீட்டில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும். மகளுக்கு அப்போது பத்து வயது, மகனுக்கு ஏழு. அம்மா இல்லாத நேரம் ஒரு பெரிய சாப்பாடு செய்து காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் இருந்து இரவல் வாங்கி வந்த அலவாங்கால் மண்ணை நெம்பி, மூன்று பேரும் சேர்ந்து முதல் மரத்தை இழுத்தோம். மரம் திடீரென்று வந்ததில் மகன் பின்பக்கமாக விழுந்தான். அடியில் ஐந்து கிழங்கு, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

இனித்தான் நான் செய்த பிழைகள். மரவள்ளிக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு மெல்லிய தோல் இருக்கும். அதற்குக் கீழே வெள்ளையும் இளம் சிவப்புமாக ஒரு தடித்த பட்டை இருக்கும். கத்தியால் நீளமாக ஒரு கீறு கீறி, இரண்டையும் சேர்த்து உரிக்கவேண்டும். எனக்கு அது தெரியாது. எட்டு மாதம் தண்ணீர் ஊற்றின கிழங்கை அப்படித் தடிப்பாக உரித்து எறிய மனமும் வந்திருக்காது. கரட் சீவுகிற பீலரை எடுத்து, மண்ணிறத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவினேன். கடையில் யாராவது திருகாணி பூட்டச் சுத்தியல் கேட்டால் நான் சிரிப்பேன். அன்றைக்கு என் கையில் பீலர் இருந்ததைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை.

இரண்டாவது, குக்கர். விறகு அரைக் கட்டுத்தான் மிச்சம் இருந்தது. திறந்த பானையில் வைத்தால் விறகு போதாது என்று, துண்டுகளை பிரஷர் குக்கரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இறுக்கி மூடி, மூன்று விசில் விட்டேன். கிழங்கு பஞ்சு மாதிரி வெந்திருந்தது. அந்தத் தண்ணீரைக்கூட நான் வடித்து ஊற்றவில்லை. மகள் தேங்காய் திருவினாள். மகன் உரலில் மிளகாய் இடிக்கிறேன் என்று நின்று தும்மினான். சம்பல் ஆனதும் பின்படியில் இருந்து சாப்பிட்டோம்.

மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அப்பா, இது கைக்குது," என்றாள்.

சம்பலோடு சாப்பிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் என் பாட்டில் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிகிற நேரம் மேல்மாடி ராத்தா இறங்கி வந்தா. அவ மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் அம்மா. என்னைவிட மூத்தவ, அதனால் நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கூசா நிறைய இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்திருந்தா. பால்மா கிடைக்காத காலம், தேத்தண்ணிக்கு ஏதாவது ருசி வேண்டும்தானே. சீனியும் தாராளமாகப் போட்டிருந்தா. மூன்று பேரும் குடித்தோம். மகன் இரண்டு கோப்பை குடித்தான்.

அதற்குப் பிறகுதான் ராத்தா வாளியில் கிடந்த தோலைப் பார்த்தா. என்ன தின்றீர்கள் என்று கேட்டா. மகள்தான் சொன்னாள். ராத்தா கூசாவைக் கீழே வைத்துவிட்டு படியில் இருந்துவிட்டா.

எங்கள் நாட்டில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மரவள்ளி சாப்பிட்ட நாளில் இஞ்சி தொடக்கூடாது, இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்று. எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் குடித்தேனா என்றால், இல்லை. தேத்தண்ணி என்று நீட்டினால் கை தானாகவே வாங்கிவிடுகிறது.

"மஞ்ஞொக்காவுக்கு மேல இஞ்சியக் குடுத்திட்டேனே," என்றா ராத்தா. "எண்ட கையாலயே புள்ளைகளுக்கு ஊத்திக் குடுத்திட்டேனே."

அந்த நேரம் மகன் மதிலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்குத் தலை சுத்துது," என்றான்.

மகனைத் தோளில் தூக்கினேன். ஒழுங்கை முனையில் இரண்டு ஓட்டோ நின்றன. இரண்டிலும் பெட்ரோல் இல்லை. ஒரு ஓட்டோக்காரர் பின் சீட்டில் படுத்திருந்தார், கையை மட்டும் விரித்துக் காட்டினார். பொரளையில் இருக்கிற பெரிய பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு நடந்து போக ஏலாது. இரண்டு தெரு தள்ளி ஒரு டொக்டர் அம்மா டிஸ்பென்சரி வைத்திருக்கிறா, மேலேதான் அவவின் வீடு. அங்கே ஓடினேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால், ராத்தா ஒரு கையில் தோல் போட்ட பையும் மறு கையில் எங்கள் குக்கருமாக வந்துகொண்டிருந்தா. என்ன தின்றது என்று டொக்டர் கேட்டால் காட்டவேண்டாமா என்றா. காலி வீதி என்கிற பெருந்தெருவில் நின்ற பெட்ரோல் வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது.

டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரி, வயது போனவ. அவசரமே இல்லாத ஆள். ராத்தா அழுதுகொண்டே இஞ்சிக் கதையைச் சொல்லி முடிக்கும்வரைக்கும் மகனின் கண்ணையும் நாடியையும் பார்த்தா. பிறகு சொன்னா: "இஞ்சியை விடுங்கோ. இஞ்சி பாவம், அது ஒண்டும் செய்யேல்லை. கிழங்கு கைச்சதோ?"

கைத்தது என்றேன். பையில் இருந்த தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. கடதாசி மாதிரி இருந்தது.

"இதென்ன, கரட்டோ?"

பீலரில் சீவினதையும் குக்கரில் மூடி அவித்ததையும் சொன்னேன். அவ ஏசவில்லை. நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது, அந்தத் தடித்த பட்டையிலும் கைக்கிற கிழங்கிலும் இன்னும் அதிகம் என்றா. பட்டையைத் தடிப்பாக உரித்து, துண்டாக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வாய் அகன்ற பானையில் நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து வடிக்கவேண்டும். கெட்டது ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடும். மூடினால் அது எங்கே போகும் என்று என்னைக் கேட்டா. நீங்கள் எப்போதாவது மரவள்ளி அவித்தால் இப்படிச் செய்யுங்கள். கைத்தால் துப்புங்கள், பெரிய ஆட்கள் என்ன சொன்னாலும் துப்புங்கள். மிச்ச மரங்களின் கிழங்கையும் நாங்கள் இப்படித்தான் சாப்பிட்டு முடித்தோம்.

பிறகு டொக்டர் அம்மா மகனிடம் எத்தனை துண்டு சாப்பிட்டாய் என்று கேட்டா. அவன் என்னைப் பார்த்தான். திரும்பக் கேட்டா. அவ குனிந்து காதைக் கொடுத்தா. அவன் ஏதோ சொன்னான்.

"இவர் ஒரு துண்டும் சாப்பிடேல்லையாம்," என்று அவ நிமிர்ந்தா. "அவிச்ச கிழங்கு இவருக்குப் பிடிக்காதாம். அப்பா கவலைப்படுவார் எண்டு சொல்லேல்லையாம்."

அப்படியானால் தலை ஏன் சுற்றினது என்று கேட்டேன். எல்லோரும் மௌத்தாகப் போகிறோம், செத்துப்போகப் போகிறோம் என்று ராத்தா சொன்னா, அப்போதுதான் சுற்றினது என்றான்.

"நான் எப்ப புள்ள அப்பிடிச் சொன்ன?" என்றா ராத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பொய்க்கோபத்தோடு அவன் காதைப் பிடித்தா. அவ சொல்லவில்லைதான். முகம் சொல்லியிருக்கும்.

நான் மூச்சை முழுதாக விடவும் இல்லை, டொக்டர் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டா. அப்படியானால் இவருடைய பங்கு எங்கே? அக்காவின் தட்டில் போட்டானாம். கைக்குது என்று சொன்னவள் அவள்தான், இரண்டு பங்கு போனதும் அவளுக்குத்தான். ஓடி வந்த வழி முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோளில் இருந்தவனைத்தான் நினைத்தேன். டொக்டர் அம்மா அவளைச் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் இருத்தி நாடி பிடித்தா.

மகள் சொன்னாள், "நான் நல்லதைத்தான் சாப்பிட்டனான். கைச்சதெல்லாம் அப்பான்ர தட்டிலை வைச்சிட்டன். அப்பாவுக்குத்தானே சம்பலோடை தெரியாது."

நான் குனிந்து குனிந்து சாப்பிட்டபோது அவள் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறாள். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பிள்ளைகளே, எனக்கு அப்போது வந்த ஆறுதலை எழுதத் தெரியவில்லை. நஞ்சு என்று ஒன்று இருந்தால் அது முழுக்க என் வயிற்றில்தான் இருக்கிறது, இந்த இரண்டு பேரிலும் இல்லை. அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். சிரிக்க ஒன்றும் இல்லை, இருங்கள் என்று டொக்டர் அம்மா என் கையைப் பிடித்தா. தலை வலிக்கிறதா என்று கேட்டா. கொஞ்சம் வலித்தது. பயமோ, வெயிலோ, கிழங்கோ, யாருக்குத் தெரியும். நாலு மணிவரைக்கும் இங்கேயே கண் முன்னால் இருக்கவேண்டும், சத்தி, வாந்தி வந்தால் ஆள் பிடித்தாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்றா.

இரண்டு மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்தேன். ராத்தா குக்கரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தா. மகன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருக்கால், "இப்ப சுத்துதோ?" என்று கேட்டான். இல்லை என்றால் கொஞ்சம் ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய், சுவரில் ஒட்டியிருந்த பல்லின் படத்தைப் பார்த்தான். மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணீரில் என் சட்டைக் கை நனைந்திருந்தது.

"நான்தானே உங்களுக்கு வைச்சனான்," என்றாள்.

"நீ வைச்சது நல்லதாப் போச்சு," என்றேன். "கைக்குது எண்டு நீ சொல்லேக்கை நான் கேட்டிருக்கோணும். பிழை என்னிலை."

அவள் நம்பினாளோ தெரியாது. ஆனால் அழுகை நின்றது. பிறகு என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். தோள் விறைத்தது, நான் அசையவில்லை.

நாலு மணிக்கு டொக்டர் அம்மா திரும்ப இறங்கி வந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தா. ராத்தாவின் நாடியைக்கூடப் பார்த்தா. என் தலைவலி எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போங்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றா. குக்கரில் இருக்கிறதைக் கோழிக்கும் போடவேண்டாம், கொட்டுங்கள் என்றா. வாசலில் நின்று நான் கும்பிட்டேன். கையை இறக்கச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனா.

வெளியே வெயில் குறைந்து கடல் காற்று வந்துகொண்டிருந்தது. பத்தடி நடந்ததும் மகன் நின்றான். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்குது என்றான். பிளேன்டீயோடு மட்டும் ஒரு நாளை ஓட்டியிருக்கிறான். முனைப் பேக்கரியில் மீன் அடைத்த மாலுபான் இருந்தது, மாவு தட்டுப்பாட்டில் முன்பு இருந்ததில் பாதி அளவுக்குச் சிறுத்துப்போய். நாலு வாங்கி, கடை வாசலில் நின்றபடியே பிரித்தோம். ராத்தா தன்னுடையதில் பாதியை அவனுக்குக் கொடுத்தா. மகள் தன்னுடையதை மோந்து பார்த்துவிட்டுக் கடித்தாள். மகன் இரண்டு கன்னமும் உப்ப மென்றான், மிளகாய்க் காரத்தில் மூக்கு ஒழுகினது. இனிமேல் பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லு என்று அவனுக்குப் புத்தி சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன். அவன் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் சொல்ல மறந்துவிட்டேன்.