அப்பாவின் படப் பத்திரிகையில் வடை மடித்தவர்களுக்கு

எங்கள் அருமைத் தந்தையார் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, இளவயதிலேயே மலாயாவுக்குக் கப்பலேறி, தம்போய் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக உழைத்து, சென்ற ஆண்டு இதே திதியில் இறைவனடி சேர்ந்தார்கள். அம்மா இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளாமல் தனியாளாக நின்று என்னை வளர்த்தார்கள். இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரே ஒரு பித்து: பழைய ஆங்கிலப் படப் பத்திரிகைகள். அதிலும், மார்மன் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தார் அமெரிக்காவில் கைவண்டி தள்ளிப் பொட்டல் கடந்து, உப்பு ஏரியோரம் வாய்க்கால் வெட்டிக் குடியேறிய படங்கள் என்றால் உயிர். துரை பங்களாவில் வேண்டாமென்று போட்டதையும், சிங்கப்பூர்ப் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததையும் கொண்டுவந்து, வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைப்பார்கள். "காட்டை வெட்டி நாமளுந்தான் குடியேறினோம். நம்மள யாரும்மா படம் போட்டாங்க?" என்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் சிலர் பல தாரம் கட்டியவர்கள் என்று எவரோ சொல்லிவிட்டார். போதாதா நம் சனங்களுக்கு! ஒரு கிழவரும் நாலு பெண்களும் வண்டி தள்ளும் படத்தைப் பார்த்துவிட்டு, "கிராணிக்குக் கல்யாண ஆசை வந்துடுச்சு" என்று தோட்டம் முழுக்கச் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் வழியில் கணவனைப் பறிகொடுத்தவர்கள் என்று படத்தின் கீழேயே அச்சிட்டிருந்தது. அப்பா படித்துக் காட்டியும் யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பேச்சு அப்பா சாகும்வரை ஓயவில்லை.

கருமாதியன்று சமையற்கட்டில் கண்டதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சித்தப்பா அந்தத் தாள்களைக் கிழித்து, ஊருக்குப் புறப்பட்டவர்களுக்கு வடை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா இது? அப்பா உசுரா வச்சிருந்ததாச்சே!"

"செத்தவரா வந்து படிக்கப் போறாரு? பொம்பளைங்க படம் போட்ட பேப்பரு, வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல எதுக்கு?"

மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். காப்பாற்றியது பாதிதான். பொட்டலம் வாங்கிய அத்தனை பேரில் சாப்பாட்டுக்கடை பாய் ஒருவர்தாம், வடையைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "இது ஐயா பேப்பருல்லம்மா? வச்சுக்கங்க" என்றார். எண்ணெய் ஊறிய அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

துக்கத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டிய இடம் இது. பாடை சுமந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாய்க்கும் கைகூப்புகிறேன். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களே, இன்று திதிப் பந்தியில் உட்காருமுன் மாலை போட்ட அப்பாவின் படத்துக்கு எதிரே நின்று, "தப்பாப் பேசிட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சித்தப்பாவும் சொல்லவேண்டும். சொல்லாதவர்களுக்கு இந்த வீட்டில் இலை விழாது.