கான் கேட்கப் போன காலை

2023 நவம்பர் ஆறாம் திகதி, திங்கட்கிழமை, அதிகாலை ஐந்து மணி பத்து நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. உக்குவளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, செருப்பைப் போடுவதா சப்பாத்தைப் போடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவரு கண்டிக்கே போய்ச் சேர்ந்திடுவாரு. செருப்பப் போட்டுட்டு ஓடுங்க" என்றாள் என் மனைவி.

ஓடினேன். எழுபத்தாறு வயதில் எதை ஓட்டம் என்று சொல்ல முடியுமோ அதை ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று விளங்க வேண்டுமானால், எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது இயேசு சபைக் குருமார் நடத்தும் தனியார் பொறியியல் கல்லூரி. இன்று நான்கு கட்டடங்கள், எண்ணூறுக்கு மேல் மாணவர்கள், சொந்தமாக ஆறு பஸ்கள். முப்பது வருடங்களுக்கு முன் நான் இந்தக் காணியை வாங்கி வீடு கட்டியபோது மேலே இருந்தது ஒரு பழைய கொக்கோ ஸ்டோர் மட்டும்தான். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரக் குருவானவர் அந்த ஸ்டோருக்குப் பதினொரு பையன்களோடு வந்து சேர்ந்தார். எல்லாரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் படிப்பை விட்ட பையன்கள். இரண்டு வெல்டிங் மெஷின், ஒரு நீண்ட மேசை, அவ்வளவுதான் கல்லூரி. மாலையில் என் வீட்டு முற்றத்தில் இருந்து பார்த்தால் நெருப்புப் பொறி பறக்கும்.

எட்டு வருடம் கழித்து அவருக்கு மேலிடத்துக் கடிதம் வந்தது, போய்விட்டார். அவர்கள் சபையில் அப்படித்தான். கடிதம் வந்தால் போக வேண்டும். தானே கட்டிய இடம் என்பதற்காக யாரும் தங்கிவிட முடியாது.

இரண்டாவதாக வந்த அதிபர் கடைசல் இயந்திரங்களைக் கொண்டுவந்தார். டிப்ளோமா வகுப்புத் தொடங்கினார். "எங்க வளவு வழியாவே பெரிய ரோட்டுக்குப் போங்க, சுத்திப் போகாதீங்க" என்று எனக்கு அனுமதியும் தந்தார். ஆறு வருடத்தில் அவருக்கும் கடிதம். மூன்றாமவர் வந்தார், அந்த வழிக்குக் குறுக்கே மதில் எழுந்தது. போய்ச் சொன்னேன். "அப்படியா, எனக்கு யாரும் சொல்லலையே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். மதில் மதிலாகவே இருந்தது. அவர் காலத்தில்தான் பட்டப்படிப்பு வந்தது, மூன்று மாடி வந்தது, பெண் பிள்ளைகள் வந்தார்கள். "உங்க பக்கம் பூந்தோட்டம் மட்டும்தான்" என்று அவர் ஒரு வாக்குத் தந்தார். ஏழு வருடத்தில் அவரும் போக, நான்காமவர் வந்து அந்தப் பூந்தோட்டத்தில் நான்கு மாடி விடுதி கட்டினார்.

ஆக, எனக்குக் கிடைத்த வாக்கு இரண்டு; போனதும் இரண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவர் போய்விடுகிறார், அவ்வளவுதான்.

இந்த நான்காமவரைத் தேடித்தான் அன்று ஓடினேன்.

விடுதி எழுந்த நாளில் இருந்து அதன் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் எங்கள் சமையலறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில்தான் இறங்கின. சுவரில் வெடிப்பு விழுந்தது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு அங்குலம் நீண்டிருந்தது. மேடு சரிந்தால் சமையலறை இல்லை. பகலில் பெரும்பாலும் என் மனைவி இருப்பது அங்கேதான். செப்டெம்பரில் முறையிட்டபோது அதிபரே குடையோடு இறங்கி வந்தார். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்து, தானே சிரித்துக்கொண்டு எழுந்தார். வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, எல்லை நெடுக ஒரு கான் வெட்டித் தர்றேன். தண்ணி நேரா ஓடைக்குப் போயிரும். மார்கழிக்கு முந்தி முடிச்சிடுவோம். என் வாக்கு" என்றார்.

நான் எழுதி வாங்கவில்லை. சேறு படிந்த ஒரு குருவானவரிடம் கையெழுத்துக் கேட்க வாய் வரவில்லை. அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தோட்டத்துல முப்பத்தெட்டு வருஷம் கிளாக்கரா இருந்து, ஒரு ஆணி குடுத்தாலும் கையெழுத்து வாங்கின மனுஷன்! ஃபாதர்கிட்ட மட்டும் வாயப் பொத்திக்கிட்டு நின்னீங்களாக்கும்."

ஞாயிறு மாலை கடையில் கல்லூரி வாச்சரைக் கண்டேன். "ஃபாதருக்கு மாத்தம் வந்திருச்சுங்கய்யா. நாளைக்கு மொத பஸ்ல போறாரு. நேத்து மாலையெல்லாம் போட்டு அனுப்பினாங்களே, உங்களுக்குச் சத்தம் கேக்கலையா?" என்றார். கேட்டது. மைக் டெஸ்டிங் மட்டும் பதினேழு தடவை கேட்டது. மாணவர் விழா என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாவது வாக்கும் போனால் போகப்போவது சமையலறை. விடியுமுன் ஒரு வெள்ளைத் தாளை மடித்துப் பேனாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு, டோர்ச் வெளிச்சத்தில் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன்.

அங்கே அவர் தனியாக நின்றார். கையில் ஒரு பை, ஒரு குடை. மற்றச் சாமான்கள் எங்கே என்று சுற்றிலும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. ஒன்பது வருட அதிபருக்கு அந்த ஒரு பைதான்.

"யாரு? கிளாக்கரய்யாவா?" கிட்ட வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்தீங்களா! யாரும் வரவேணாம்னு நான்தான் சொன்னேன். காலையில குளிர்ல நின்னு அழாதீங்க, போய்ப் படுங்கன்னேன். சொன்ன மாதிரியே ஒருத்தரும் வரல பாருங்க!"

சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

"அது வந்து, ஃபாதர்..." என்று நான் தொடங்கியபோது பஸ் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன்.

"ஃபாதர், வேன் எங்க? பழுதா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"வேன் காலேஜுக்குப்பா. நான் இப்ப காலேஜ் இல்லையே."

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா எங்க, சாரத்தோட?"

"கண்டிக்குத்தான்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"கண்டி வரைக்கும் வர்றீங்களா!" என்று ஃபாதர் என் முழங்காலைத் தட்டினார். அவர் காசை எடுப்பதற்குள் இரண்டு டிக்கெட்டுக்கும் நானே கொடுத்துவிட்டேன். இப்படிச் செய்வது என் வழக்கம் இல்லை.

முதல் வளைவில் கல்லூரி தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

"இன்னும் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது ஃபாதர். மூணாம் மாடியில ஒரு லைட் எரியுது."

"யாரோ அணைக்காமப் போயிட்டான்" என்று சட்டென்று போனை எடுத்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இனி அது என் வேலை இல்ல."

லைட்டே அவர் வேலை இல்லை என்றால் கானைப் பற்றி என்ன கேட்பது? வழியில் வத்தேகம வரட்டும், அங்கே கேட்போம் என்று நினைத்தேன்.

"இனி எங்க, ஃபாதர்?"

"பதுளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கணும். நான் கணக்குப் படிச்சுக் குடுத்து இருபது வருஷம் ஆச்சு. பயமா இருக்குங்க. பிள்ளைங்க சிரிப்பாங்களே. நீங்க கணக்குல புலியாச்சே, எதையாவது கேளுங்க பாப்போம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

"பதினேழு பத்தொம்பது?"

கண்ணை மூடிக்கொண்டார். "முந்நூத்திப் பதிமூணு."

"இருபத்திமூணு, ஃபாதர்!" என்று பின்னால் இருந்து கண்டக்டர் கத்தினார். "காலேஜ் நடத்திட்டு டிக்கெட் கிழிக்கிறவன்கிட்ட தோக்கலாமா?"

பஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். வத்தேகம போனது தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அவர் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். என் தாள் பைக்குள் அப்படியே இருந்தது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பதுளை பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. ஒரு கடையில் தேநீரும் பணிஸும் வாங்கினேன். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பைக்குள் கையை விட்டுத் தாளைத் தொட்டேன்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் ஃபாதர், கோப்பையைப் பார்த்தபடி. "ஒம்பது வருஷத்துல என்கிட்ட வந்த ஒவ்வொருத்தரும் ஒரு காகிதத்தோடதான் வந்தாங்க. அட்மிஷன், பில்லு, முறைப்பாடு. தப்புன்னு சொல்லல, அதுக்குத்தானே நான் இருந்தேன். ஆனா ஒரு மனுஷன் ஒண்ணும் கேக்காம பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறது இன்னைக்குத்தான்."

நான் கையை வெளியே எடுத்தேன். தாளை எடுக்கவில்லை.

"டீ ஆறுது, ஃபாதர்" என்றேன்.

பதுளை பஸ் புறப்பட்டது. ஜன்னலால் கையைக் காட்டினார். பஸ் மறையும் வரை நின்றேன். பிறகுதான் பயம் வந்தது. சமையலறைச் சுவரை நினைத்தேன். வீட்டில் என்ன சொல்வது என்றும் நினைத்தேன்.

"எழுதி வாங்கினீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் என் மனைவி.

"இல்ல."

"பேசினீங்களா?"

"பேசினோம்."

"எதப் பத்தி?"

"பத்தொம்பதாம் வாய்ப்பாடு."

என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அடுப்பை ஊதப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் புதிய அதிபரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். "இதப் பத்தி எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அந்த வசனத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். குறித்துக்கொண்டார், நிதிக் குழு கூடுவது ஏப்ரலில், அதில் வைப்பதாகச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. வந்து ஒரு வாரம் ஆனவரால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மழை ஏப்ரல் வரை காத்திருக்கவில்லை. அதே நவம்பர் இருபத்திரண்டாம் திகதி பின்னேரம் மூன்று மணிக்குப் பிடித்த மழையில் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, சமையலறை ஜன்னல் மட்டத்துக்குச் சேறு ஏறியது. கொடியில் கிடந்த துணியை எடுக்க என் மனைவி முன்பக்கம் வந்திருந்தாள். உள்ளே நின்றிருந்தால் என்று நான் இன்றைக்கும் கணக்குப் போடுவதில்லை. நான் போடாத கணக்கு அது ஒன்றுதான்.

மறுநாள் இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்தேன். கல்லூரிப் பக்கம் தோண்ட எனக்கு உரிமை இல்லை. அதனால் என் எல்லைக்குள்ளேயே, மூன்று மிளகுக் கொடிகளை இழந்து, அறுபத்திரண்டு அடி நீளத்துக்குக் கான் வெட்டினோம். காணியில் கிடந்த கல்லையே அடுக்கிச் சீமெந்து பூசினோம். நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் மழையில் தண்ணீர் மேட்டைத் தொடாமல் ஓடைக்குப் போனது.

டிசெம்பர் நடுப்பகுதியில் ஒரு காலை போன் அடித்தது.

"கிளாக்கரய்யா, நான்தான். பதுளையில இருந்து. நேத்து இங்க சரியான மழை. அப்பத்தான் உங்க கான் ஞாபகம் வந்திச்சு. புதியவர்கிட்ட சொல்லாமலே வந்துட்டேங்க. கண்டி வரைக்கும் கூட வந்தீங்க, அப்பவும் எனக்கு ஞாபகம் வரல, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப அது என் வேலை இல்லதான். ஆனா வாக்கு என்னோடதாச்சே. இன்னைக்கே அவருக்குப் பேசுறேன்."

"வேணாம் ஃபாதர்" என்றேன். "கான் வெட்டியாச்சு."

"வெட்டியாச்சா! நல்லா வெட்டினாங்களா?"

"நல்லா வெட்டினாங்க. கல்லு அடுக்கி, சீமெந்து பூசி."

"அடேங்கப்பா, புதியவர் என்னைவிட வேகமா இருக்காரே!"

"யாரு வெட்டினாங்களாம்?" என்று உள்ளே இருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"யாருங்க அது, அம்மாவா? என்ன சொல்றாங்க?"

"உங்களச் சுகம் விசாரிக்கிறாங்க" என்றேன். "பிள்ளைங்க சிரிக்கிறாங்களா, ஃபாதர்?"

"சிரிக்கிறாங்க. ஆனா வாய்ப்பாட்டுக்கு இல்ல" என்றார். நெடுநேரம் பேசினோம். போனை வைத்ததும் என் மனைவி கையில் அகப்பையோடு வந்து நின்றாள். சத்தம் போடப்போகிறாள் என்று நினைத்தேன். "பாவம், அங்க குளிரா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபாதர் வாரப் பத்திரிகை படிப்பவர் அல்ல என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிச்சயம் ஏதாவது செய்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் செய்தது நல்லதா, வெறும் கூச்சமா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. ஆனால் மழை நேரத்தில் அந்தக் கானில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. ஒன்பது வருடம் ஒரு கல்லூரியை வளர்த்த மனிதர், தன்னை வழியனுப்ப ஒருவராவது வந்தார் என்று நினைத்துக்கொண்டு போனார். அந்த நினைப்பைக் கெடுக்காமல் வைத்திருக்க, பஸ், தேநீர், பணிஸ், கூலி, சீமெந்து, மணல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு ஐம்பத்து நான்காயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.