இரண்டு வீட்டு அண்ணன்

கல்லூரிக் கணினி வகுப்பில், தகவல்களை மரக்கிளைகள் போல் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும் ‘ட்ரீ’ பாடம் நடந்தபோது, வேலைக்குப் போனால் இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று சிரித்தவன் நான். காரைக்குடியில் எங்கள் பங்காளிகளுக்காக வம்சாவளி ஆப் எழுத உட்கார்ந்ததும், இதற்குத்தானே அது என்று துள்ளினேன். பெற்றோருக்குக் கீழே பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரே இடம். எழுதி முடித்து முதலில் என்னைப் பெற்ற ஆத்தாவிடம் காட்டினேன்.

தன் பெயரைத் தொட்டுப் பார்த்த ஆத்தா, “எனக்குக் கீழ நீ மட்டுந்தான் இருக்கே. அண்ணன் எங்கப்பா?” என்றார்.

“அவுகளத்தான் பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குச் சுவீகாரம் கொடுத்துட்டீகளே ஆத்தா. அங்குட்டு இருக்காக. ரெண்டு இடத்துல வச்சா ட்ரீயே நிக்காது.”

“சரிதான். கொடுத்த பிள்ளையைக் கேக்கக் கூடாது.” ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. “வாய் தவறிக்கூட எம்மகன்னு நான் வெளிய சொன்னதில்லப்பா. ஒன் ஆப்புலயாச்சும் எனக்குக் கீழ இருப்பான்னு நெனச்சேன்.”

திரையில் விழுந்த கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்த பிறகுதான் போனைத் தந்தார்.

அந்தப் பாடம் வேலைக்கு உதவுமா என்று இப்போது நான் யாரிடமும் வாதாடுவதில்லை. பொருந்தாத அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாயிடமிருந்து பிள்ளையை இரண்டாம் முறை பிரித்துவிட்டேன். ஒருவரை இரண்டு வீடுகளோடும் இணைக்கும் ‘கிராஃப்’ ஆக எல்லாவற்றையும் மாற்றி எழுதப் போகிறேன். அதற்கு முன், அண்ணனை வளர்த்த பெரியம்மாவிடம் சம்மதம் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.