மல்லிகை வைத்துக் கட்டிய பால்

என் மகள் வயிற்றில் இருந்தபோது அவளுடைய தகப்பன் வாவியில் வலை போடப் போனார். அன்று அக்கரையில் சண்டை. தோணியை மட்டும்தான் ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

குருக்கள்மடத்தில் அவருடைய அக்காவான மச்சாளின் வீட்டில் பிள்ளை பிறந்தது. குழந்தை அழும், சட்டை பாலில் நனையும், ஆனால் தூக்குவதற்குக் கை எழும்பாது. சோறு மண்ணாய் இருந்தது. உறக்கம் அறவே இல்லை. வாவிக் கரையில் நான் நிற்கும் விதத்தைப் பார்த்துப் பயந்துபோன, பிரசவம் பார்த்த மருத்துவமாது, பஸ்ஸில் என்னை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பெண் டொக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மன வருத்தத்துக்கென்று நாளும் விழுங்கக் குளிசை தந்தார். பால் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"குடுங்க. பாலுக்குள்ள கொஞ்சம்தான் போகும். புள்ள பால் குடிக்காம உறங்கிக்கொண்டே கிடந்தா மட்டும் உடன கொண்டு வாங்க."

சில கிழமைகளில் உறக்கம் வந்தது. பிறகு ஒரு காலை, பால் குடித்துக்கொண்டிருந்த மகளின் உச்சந்தலை வாசம் எனக்குத் தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து அங்கே இருந்த வாசம்தான். அன்றைக்குத்தான் அவளை என் பிள்ளை என்று நினைத்தேன்.

குளிசையை மச்சாள் கண்டது அதற்குப் பிறகு. அவர் தன் ஒரே பிள்ளையை அகதி முகாமில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். என்ன குளிசை என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

"இந்தப் பாலக் குடிச்சா புள்ளைக்குப் புத்தி வளராதுகா. தம்பிட எண்டு இது ஒண்டுதானே மிச்சம்."

டொக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது, மருத்துவமாதுவும் வரவில்லை. மச்சாளின் பயம் மெல்ல என்னையும் பிடித்துக்கொண்டது. பால் வற்றட்டும் என்று அவர் மல்லிகைப் பூவை என் மார்பில் வைத்துப் பழஞ்சீலையால் இறுக்கிக் கட்டினார். மகள் அவர் மடியில் கிடந்து போத்தலில் பால்மா குடித்தாள். அடுத்த அறையில் அவள் அழும்போதெல்லாம் கட்டு நனைந்தது. பிறகு நனையவில்லை.

பாதை திறந்ததும் மகளையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அவளைத் தராசில் நிறுத்தார், கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் தலை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தாள். புள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பாலை ஏன் நிப்பாட்டினீங்கள் என்று கேட்டார். மச்சாள் குனிந்துகொண்டார். நான் திரும்பக் கொடுக்கலாமா என்று கேட்டேன். முயன்று பார்க்கலாம் என்றார். முயன்று பார்த்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மச்சாளைத் தேடினாள்.

குளிசையை நான் தொடர்ந்து குடித்தேன். மகள் உரிய காலத்துக்கு உட்கார்ந்தாள், நடந்தாள். பேச்சும் காலத்துக்கே வந்தது. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் மச்சாளின் சீலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள்.

மச்சாள் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "நான் சொல்லிக் குடுக்கல்லகா. சத்தியமா சொல்லிக் குடுக்கல்ல." அவர் அழுதார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை.

அன்றிலிருந்து மச்சாள் என்னைக் காட்டிக் காட்டி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவளும் கற்றுக்கொண்டாள். என்னை அம்மா என்று கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று மச்சாளின் முகத்தைப் பார்ப்பாள்.